மச்சினன் சிம்மைப் போட்டுப் பார்க்காத கதை

முப்பத்தோரு வருஷம் பெரம்பலூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். அத்தனை வருஷத்தில் 'எனக்குத் தெரியாது' என்று வகுப்பில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தெரியாத கேள்வி வந்தால், "நல்ல கேள்வி. நாளைக்கு நீயே படிச்சிட்டு வந்து சொல்லு" என்பேன். அதற்குப் பிறகு அந்த மாணவன் ஜென்மத்துக்கும் கேள்வி கேட்க மாட்டான். இதை ஒரு சிறந்த கற்பித்தல் முறை என்று நம்பிக்கொண்டே ஓய்வும் பெற்றேன். இப்போது எழுபத்தெட்டு வயதாகிறது. இனிமேல் யாரும் என்னை இடமாற்றம் செய்ய முடியாது என்பதால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

2005-இல் நடந்தது. என் மனைவி கமலத்தின் தம்பி ராசு, அரியலூரில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தான். சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகள் டயரைக் கிழித்துக்கொள்ள, ராசு ஒட்டிக்கொடுக்க, குடும்பம் மரியாதையாக நடந்துகொண்டிருந்தது. அவன் மகள் மலர் ஜெயங்கொண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தினாள். அவளுக்குத் துறையூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் அரசாங்க ஆபீசில் கிளார்க். ஜாதகம் பொருந்திவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களா இல்லையா என்பதைப் பையனின் அப்பா வெள்ளிக்கிழமை ராசுவின் செல்லுக்குப் போன் செய்து சொல்வதாக ஏற்பாடு. அவர் வீட்டில் போன் கிடையாது. பூத்துக்கு வந்து பேசுவார். நாம் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. நடுவில் இருந்த தரகரோ எந்த ஊரில் எந்தக் கல்யாணப் பந்தியில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது.

இந்த நிலைமையில், செவ்வாய்க்கிழமையன்று, டியூபை அமுக்கிக் காற்று எங்கே போகிறது என்று பார்க்கும் தண்ணீர்த் தொட்டியில் ராசுவின் போன் விழுந்தது. (போனிலிருந்தும் இரண்டு குமிழி வந்ததாம். பஞ்சர் எங்கே என்று பார்க்க ஆசையாக இருந்ததாகப் பிறகு சொன்னான்.) போன் போய்விட்டது. சிம் மட்டும் பிழைத்தது.

பூத்திலிருந்து எனக்குக் கூப்பிட்டான். "மாமா, பழைய போன் ஒண்ணு அவசரமா வேணும். என் சிம்முக்கு எடுக்குமான்னு நீங்களே பாத்து வாங்கிக் கொடுத்துடுங்க. எனக்கு இதெல்லாம் வெளங்காது."

"அதை விடு மாப்ள. நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

பெரம்பலூரில் செல்லதுரை என்று ஒருவர் இருந்தார். பூலாம்பாடிக்காரர். கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். அவரிடம் அமெரிக்காவில் வாங்கிய போன் ஒன்று விற்பனைக்கு இருந்தது. சாதாரணப் போன் இல்லை. குச்சியால் தொட்டு எழுதலாம், படம் எடுக்கலாம், கடிதம் அனுப்பலாம். ஸ்மார்ட்போன் என்றார். அந்த வார்த்தையை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். கேட்டதும், "ஆமாமாம், தெரியும்" என்று தலையாட்டினேன்.

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு டீக்கடையில் புதன்கிழமை சோதனை நடந்தது. செல்லதுரை நேர்மையான மனிதர். போனைக் கையில் கொடுக்கும்போதே சொன்னார்.

"சார், இது வெளிநாட்டுப் போனு. எல்லாக் கம்பெனிக்கும் எடுக்காது. யாரு வச்சிக்கப் போறாங்களோ அவங்க சிம்மைப் போட்டுப் பாத்து வாங்கிக்குங்க."

"தம்பி, நான் அலைகளைப் பத்தி முப்பத்தோரு வருஷம் பாடம் நடத்தியிருக்கேன்" என்றேன்.

"அதுக்கில்ல சார்…"

"ஒரு சிம்முக்கு எடுத்தா எல்லா சிம்முக்கும் எடுக்கும். சிம்முங்கிறது என்ன? ஒரு சில்லு. அவ்வளவுதானே?"

என் போனிலிருந்து என் சிம்மைக் கழற்றி அதில் போட்டேன். திரை ஒளிர்ந்தது. டவர் நான்கு கோடும் நிமிர்ந்து நின்றது. அத்துடன் விட்டேனா என்றால் இல்லை. யாரோ சொல்லிக்கொடுத்த நட்சத்திரம், கட்டம், பூஜ்யம், ஆறு எல்லாம் அழுத்தினேன். பதினைந்து இலக்க எண் ஒன்று வந்தது. அதை டைரியில் குறித்துக்கொண்டேன். அது எதற்கு என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினேன். டீ மாஸ்டர் வடையை எண்ணெயில் மறந்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக வீட்டுத் தரைவழிப் போனுக்கு அடித்தேன்.

"யாரு?" என்றாள் கமலம்.

"நான்தான். குரல் தெளிவா கேக்குதா?"

"எங்கேருந்து பேசுறீங்க?"

"பஸ் ஸ்டாண்டுலேருந்துதான்."

"நாலு தெரு தள்ளி இருந்துக்கிட்டு போன் எதுக்கு? வரும்போது கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."

சோதனை வெற்றி என்று அறிவித்து, போனை வாங்கிக்கொண்டேன். கொத்தமல்லியை மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை அரியலூர் போனேன். ராசு கடையில் நாலு லாரி டிரைவர்கள் சுற்றி நிற்க, போனை வெளியே எடுத்துக் காட்டினேன். ராசு தன் சிம்மைப் பயபக்தியுடன் நீட்டினான். போட்டேன். அவன் சிம்மில் சேமித்திருந்த பெயர்களெல்லாம் வரிசையாகத் திரையில் வந்தன.

"பாத்தியா, பேரெல்லாம் வந்துடுச்சு. சிம்மை எடுத்துக்கிச்சு."

"எடுத்துக்கிச்சு, எடுத்துக்கிச்சு" என்றார்கள் டிரைவர்களும், அருள் வந்தது போல.

டவர் மட்டும் வரவில்லை.

"புதுப் போனு. ஊருக்குப் பழகணும்" என்றேன். (சத்தியமாக இதைச் சொன்னேன். நேற்று சந்தையில் பிடித்துவந்த மாட்டைப் பற்றிச் சொல்வதைப் போல.) பிறகு அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் கொல்லையைச் சுற்றுவாரே, அப்படிச் சுற்றினேன். கடை வாசல், வீட்டுக் கூடம், மாடி. மாடியில் தண்ணீர் டேங்க் மேலும் ஏறினேன். ராசு பின்னாலேயே வந்து, நான் நின்ற இடத்திலெல்லாம் நின்று, நான் வானத்தைப் பார்த்தபோதெல்லாம் அவனும் பார்த்தான்.

வேலை முடிந்து வந்த மலர் கீழே நின்று கேட்டாள்.

"மாமா, வாங்கறப்ப எந்த சிம்மைப் போட்டுப் பாத்தீங்க?"

"என்னோடதை."

"அது வேற கம்பெனியாச்சே. அப்பாவோடது வேற. உங்க போனைக் கொடுங்க, அப்பா சிம்மை அதுல போட்டுப் பாக்கலாம். டவர் வந்துச்சுன்னா சிம்மு நல்லாருக்கு, போன்லதான் கோளாறுன்னு தெரிஞ்சிடும்."

எளிமையான சோதனை. என் மாணவன் சொல்லியிருந்தால் ஐந்து மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனால் நாலு டிரைவர்கள் இன்னும் கீழே நின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்படியெல்லாம் மாத்தி மாத்திப் போடக் கூடாதும்மா. அதிர்வெண் குழம்பிடும்" என்றேன்.

இயற்பியலில் அப்படி ஒரு விஷயம் கிடையாது. மலர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எனக்குப் பாடம் தெரியாது என்று கண்டுபிடித்த முதல் ஆள் அவள். உள்ளே போய்விட்டாள். "காலையில சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை ராசு பூத்திலிருந்து பேசினான். "இன்னும் டவர் வல்ல மாமா."

"சிம்மை எடுத்துத் துடைச்சுப் போடு."

மறுபடி பேசினான். "தொடைச்சிட்டேன் மாமா. வேட்டியிலயும் தொடைச்சேன், பஞ்சுலயும் தொடைச்சேன்."

"அப்ப அந்தச் செல்லதுரைதான் ஏமாத்திட்டான்" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

பக்கத்துக் கடைக்காரரிடம் ஒரு நாளைக்குப் போன் இரவல் வாங்கலாம் என்று மலர் சொல்லியிருக்கிறாள். "மாமா பாத்துப் பாத்து வாங்கியாந்த போனு. அதை ஓரமா வச்சிட்டு வேற வாங்குனா வருத்தப்படுவாங்க" என்று ராசு மறுத்துவிட்டானாம். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இந்தக் கட்டுரையில் சிரிக்க முடியாத இடம் எனக்கு இதுதான்.

சனிக்கிழமை காலை செல்லதுரையைத் தேடிப்போய்ச் சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அவரு சிம்மைப் போட்டுப் பாத்தீங்கல்ல சார்?"

டைரியை எடுத்து அந்தப் பதினைந்து இலக்க எண்ணைக் காட்டினேன்.

"இந்தப் போனுல தொள்ளாயிரம் கெடையாது சார். ஆயிரத்து எண்ணூறுதான் இருக்கு. உங்க கம்பெனி ஆயிரத்து எண்ணூறு, அதான் எடுத்துச்சு. உங்க மச்சினர் கம்பெனி தொள்ளாயிரத்துல ஓடுது. அதை இது எப்படி எடுக்கும்?"

தொள்ளாயிரம், ஆயிரத்து எண்ணூறு. மெகாஹெர்ட்ஸ். அதிர்வெண். முப்பத்தோரு வருஷம் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்த சமாச்சாரத்தைக் கப்பலில் வெங்காயம் நறுக்கியவர் எனக்கு விளக்கினார். விளக்கம் மிகத் தெளிவாகவும் இருந்தது.

அப்போதே அரியலூருக்கு பஸ் ஏறிப் போய்ச் சொல்லியிருக்கலாம். "தப்பு என்னுடையது, உடனே வேறு போன் வாங்கு" என்றால் போதும். சனிக்கிழமையாவது துறையூர்க்காரர்கள் கூப்பிட்டால் லைன் கிடைத்திருக்கும். நான் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை போய், என் போனை ராசுவுக்குக் கொடுத்துவிட்டு, "எதுக்கும் இதை வச்சிக்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லி, வெளிநாட்டுப் போனை நைசாகத் திரும்ப வாங்கிவந்துவிடலாம் என்று திட்டம். கமலத்திடம் மட்டும் சொன்னேன். "இப்பவே சொல்லித் தொலைங்க" என்றாள். சொல்லவில்லை.

ஞாயிறு காலை ராசு வீட்டில் கேசரி கிண்டி வைத்திருந்தார்கள். வருகிறார்களா இல்லையா என்று தெரியாததால் பாதி அளவு. மலர் புதுப்புடவையைக் கட்டாமல் நாற்காலியில் மடித்துப் போட்டிருந்தாள். நான் போய் உட்கார்ந்து, போனைப் பையிலிருந்து எடுக்க நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்போது தரகர் வந்தார். தனியாக. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னய்யா ராசு, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"என்னத்தங்க?"

"பொண்ணு விஷயம்தான். துறையூர்க்காரரு வெள்ளிக்கிழமை பூத்துல நின்னு மூணு தரம் போட்டிருக்காரு. மூணு தரமும் ஒரு பொம்பளதான் எடுத்துச்சாம். ஏதோ தொடர்புன்னுச்சாம். எல்லைக்கு வெளியே போயாச்சுன்னுச்சாம். 'அம்மா, பொண்ணோட அப்பாவைக் கூப்புடுங்க'ன்னு இவரு கெஞ்சியிருக்காரு. அது காதுலயே வாங்கல. அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு, கடைசியில இங்கிலீஷ்ல திட்டிட்டு வச்சிடுச்சாம். பொண்ணுக்கு வேற தொடர்பு இருக்கு, எல்லை தாண்டிப் போயிடுச்சுன்னு அப்பன் நம்பர்லயே சொல்றாங்களேன்னு மனுசன் ஆடிப்போயிட்டாரு."

எனக்கு ஒரு நொடியில் புரிந்தது. 'நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்' என்று கம்பெனிக்காரர்கள் பதிவுசெய்து வைத்திருக்கிறார்களே, அந்த அம்மாள். மலருக்கும் புரிந்துவிட்டது. முதலில் சிரித்தாள். அப்புறம் அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து என் பைக்குள் போன் அடித்தது. எடுத்தேன். என் போனில் ஒலி எப்போதும் உச்சத்தில் இருக்கும். (காது கொஞ்சம் மந்தம்.) கமலத்தின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"மாத்திட்டீங்களா? ராசுக்குத் தெரியாம மாத்திடுறேன்னீங்களே. அது அவன் சிம்முக்கு எடுக்காத போனுன்னு நேத்தே தெரிஞ்சிருக்கு, இன்னும் எத்தனை நாளைக்கு மூடி மறைப்பீங்க?"

என்னை மாணவர்கள் கிண்டல் செய்ததுண்டு. தலைமையாசிரியர் திட்டியதுண்டு. ராசு என்னைப் பார்த்த பார்வைக்கு அதெல்லாம் பக்கத்தில் வராது. அவன் கோபப்படவே இல்லை. "அப்ப நேத்தே தெரியுமா மாமா?" என்று மட்டும் கேட்டான்.

மலர் வந்து என் கையிலிருந்து போனை வாங்கினாள். என் சிம்மைக் கழற்றி அவள் அப்பாவின் சிம்மைப் போட்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு கோடும் வந்தது. அதை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, "குழம்பல மாமா" என்றாள்.

அப்புறம் சிம்மை மறுபடி வெளிநாட்டுப் போனில் போட்டு, தரகரைப் பக்கத்துக் கடைக்கு அழைத்துப்போய் அங்கிருந்து அப்பா நம்பருக்கு அடிக்கச் சொன்னாள். அவர் காதில் வைத்துக் கேட்டார். "வணக்கம்மா" என்றார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது பொண்ணு குரல் இல்லையே" என்றார். அந்த அளவுக்கு வழக்கு எங்கள் பக்கம் தீர்ந்தது.

தரகர் துறையூர் போய் விளக்கினார். அடுத்த ஞாயிறு வரத் தயார் என்று தகவல் வந்தது. மலர் வேண்டாம் என்றுவிட்டாள்.

"ஒரு மெஷின் சொன்னதுக்கே என்னை ஓடிப்போனவளாக்கிட்டாரு. நாளைக்கு ஒரு மனுசன் சொன்னா என்ன ஆக்குவாரு?"

ராசுவும் வற்புறுத்தவில்லை. ஆனால் தரகர் போன இடமெல்லாம் இந்தக் கதையைப் பாதிதான் சொல்லியிருக்கிறார். மெஷின் என்ற பாதியை விட்டுவிட்டார். மலருக்கு அடுத்த வரன் அமைய இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் ராசு வீட்டுக்குப் போனால், "வாங்க மாமா, சாப்பிடுங்க" என்ற உபசாரத்தில் ஒரு குறையும் இருக்காது. எனக்குச் சோறு மட்டும் இறங்காது.

"எப்படியோ ஒரு சந்தேகக்காரக் குடும்பத்துலேருந்து தப்பிச்சா. ஒரு வகையில நல்லதுதான் நடந்திருக்கு" என்று கமலத்திடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"அதையும் நீங்களே சோதிச்சுப் பாத்துட்டீங்களாக்கும்" என்றாள்.

செல்லதுரையிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். மலரிடம் கேட்க எனக்கு அவள் கல்யாணம் வரை தைரியம் வரவில்லை. மணமேடையில் நின்றவளிடம் போய்த் திக்கித் திணறிச் சொன்னதற்கு, "போட்டோவைப் பாத்து நில்லுங்க மாமா" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் அழைப்பிதழ் அடித்தால் பெரியவர்கள் பட்டியலில் என் பெயர்தான் முதலில் இருக்கும். அடியில் 'தொடர்புக்கு' என்று நாலைந்து நம்பர் போடுவார்களே, அங்கே மட்டும் என் நம்பர் வராது. இருபது வருஷமாக அப்படித்தான். காரணத்தை யாரும் சொல்வதில்லை. அச்சகத்துக்காரர் வரைக்கும் தெரியும்.

போன மாதம் மலர் வீடு கட்டிக் குடிபோனாள். அழைப்பிதழ் அடிக்கும்போது போன் செய்தாள்.

"மாமா, இந்தத் தடவை தொடர்புக்குன்னு உங்க நம்பரையும் போட்டிருக்கேன்."

"போன் சரியா வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்துடுறேம்மா" என்றேன்.

"ஐயையோ, நீங்க பாக்காதீங்க மாமா. நான் எல்லாக் கம்பெனி சிம்லேருந்தும் உங்க நம்பருக்குப் போட்டுப் பாத்துட்டேன். நீங்க எதையும் தொடாம அப்படியே வச்சிருங்க, போதும்."