புண்ணியகோடிக் கரடியார் மாட்டிய கூட்டுப்பெட்டி

முட்டைக்குள் மூச்சையும், முட்டைக்கு வெளியே வானத்தையும் வைத்தருளிய எம்பெருமான் திருவடிகளைத் தலைமேற்கொண்டு தொடங்குவோம்.

ஒரு காட்டில் புண்ணியகோடி என்றொரு கரடியார் இருந்தார். பறவைக்கு வீடு கொடுத்தவனுக்கு வைகுந்தத்தில் வீடு உண்டென்று யாரோ சொல்லக் கேட்டு, தம் தோட்டத்து வேப்பமரத்தில் பலகையால் ஒரு கூட்டுப்பெட்டி செய்து மாட்டினார். பூங்கோதை என்னும் குண்டுக்கரிச்சான் குருவி நிறைசூலியாய் அங்கு வந்து சேர்ந்தாள். முட்டை இன்றோ நாளையோ என்றிருந்தது. வாசல் துளையோ அவள் உடம்புக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. 'பெருமாளே, பிழைத்தேன்' என்று உள்ளே ஒடுங்கினாள்.

விடிந்ததும் கரடியார் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

"சௌகரியமாக இருக்கிறாயா, அம்மா?"

"இருக்கிறேன் ஐயா. மூடியை மூடினால் இன்னும் சௌகரியமாக இருப்பேன்."

"கூச்சப்படாதே! உன் வீடு மாதிரி நினைத்துக்கொள்."

புதுமனை புகுவிழா இல்லாமல் குடியேறுவது தோஷமாயிற்றே! கரடியார் மரத்தடியில் பால் காய்ச்சினார். புகையில் பூங்கோதை இருமித் தீர்த்தாள். துளையைச் சுற்றி மாவிலைத் தோரணம் கட்டினார். கண்ணேறு படாதிருக்க, வாசலுக்கு நேரே பூசணிக்காய் ஒன்றைத் தொங்கவிட்டார். அது பெட்டியைவிடப் பெரிது. புழுவோடு பறந்து வந்த அவள் கணவன் மணவாளன், மனைவியைக் காணாமல் தவித்து, பூசணிக்கே ஊட்டிவிட்டுப் போனான்.

அத்தோடு விட்டாரா? வருகிற விருந்தினர் அமர, துளைக்குக் கீழே ஒரு குச்சியும் அடித்தார். அதில் முதலில் வந்து அமர்ந்தவர் காகத்தார்.

"ஒன்றுமில்லை தங்கச்சி, முட்டை எப்போது என்று விசாரித்துப் போகலாமென்று வந்தேன்" என்றார் பணிவாக.

பூங்கோதை அவர் தலைக்கு மேலாக வெளியே பாய்ந்தாள். பொறுத்தது போதுமென்று, ஆலிலையில் அலகால் ஒரு மனுவைக் கீறிக்கொண்டு சிங்கராசரின் அரண்மனைக்குப் பறந்தாள். வாசலில் ஒரு புகார்ப் பெட்டி தொங்கியது. காவலுக்கு ஆமையார் படுத்திருந்தார்.

"ஐயா, இதை எப்போது திறப்பார்கள்?"

"திறப்பதா?" ஆமையார் கண்ணைத் திறக்கவில்லை. "சாவி தொலைந்தது எங்கள் பாட்டனார் காலத்தில். தேடித் தரும்படி அப்போதே புகார் எழுதிப் போட்டாயிற்று, பாப்பா."

"எங்கே போட்டீர்கள்?"

"இதில்தான்."

பூங்கோதை பெட்டியின் வாய்வழியே எட்டிப் பார்த்தாள். தலைமுறை தலைமுறையாய் விழுந்த ஆலிலை மனுக்கள் இற்று, இலவம்பஞ்சாய் மெத்தென்று கிடந்தன. உள்ளே தோரணம் இல்லை, புகை இல்லை, எட்டிப் பார்க்க ஓர் ஆள் இல்லை. அவள் உள்ளே நுழைந்து, தன் மனுவையும் கிழித்து மெத்தையில் சேர்த்தாள், அதன்மேல் அமர்ந்தாள்.

உரிய காலத்தில் நான்கு குஞ்சுகள் அரசரின் தலைக்கு மேலேயே பறந்து போயின. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அங்கே தோட்டத்தில் கரடியார் வெறும் பெட்டியைத் திறந்து ஆனந்தக் கண்ணீர் வடித்தார். "பார்த்தீரா காகத்தாரே! என் கவனிப்பில் முட்டையிடுவதற்கு முன்பே குஞ்சுகள் பறந்துவிட்டன!"

நீதி: நல்லவர் கண்ணில் படாமல் நாடாள்வோர் காதருகே குடியிருப்பவருக்கு ஒரு குறையும் வராது.

இதைக் கேட்டவர் குடி தழைக்க, கூடு நிறைய, அவர்தம் மூடியை எவரும் அன்போடு திறவாதிருக்க எம்பெருமான் அருள்க.