கிடாரத்தாரின் இரவல் சாமான்கள்

இரவல் கொடுத்துவிட்டு நித்திரையில்லாமல் புரண்டவர்கள் யாழ் குடாநாட்டில் எத்தனையோ பேர். இரவல் வாங்கிவிட்டு நித்திரையில்லாமல் புரண்ட ஒரே மனிதர் உரும்பிராயில் இருக்கும் எங்கள் கிடாரத்தார்தான்.

அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருப்பதாகக் கிராம சேவகர் மட்டும் நம்புகிறார். எங்களுக்கு அவர் கிடாரத்தார். கலியாணவீட்டுக்கும் செத்தவீட்டு அந்தியேட்டிக்கும் ஊருக்கே சோறு காய்ச்சும் பெரிய கிடாரம், கதிரை, தகரப் பந்தல் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பவர். பெரிய கலியாணங்களுக்குத் தன் சாமான் போதாவிட்டால் ஊரில் நாலு வீட்டில் இரவல் வாங்குவார். வாங்கிய கையோடு சாமானின் அடியில் சிவப்புப் பெயின்ரால் உரிமையாளரின் முதலெழுத்தைப் போடுவார். விருந்து முடிந்து கடைசி ஆள் வெற்றிலை போடும்போது இவர் சைக்கிளில் சாமான் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருப்பார். ஒருமுறை அடைமழையில் உடுப்பிட்டி வரை பஸ்ஸில் போய் ஓர் அகப்பையைக் கொடுத்தார். வீட்டுக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணை, உது உங்கடை அகப்பையெல்லோ!" என்றார். இவர் நம்பவில்லை. எழுத்து அழிந்திருந்ததாம். அகப்பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

கொரோனா வந்தது. கலியாணங்கள் வீட்டுச் சட்டியிலேயே முடிந்தன. கிடாரங்கள் கவிழ்ந்து கிடந்தன, கிடாரத்தாரும் கிடந்தார். அப்போதுதான், கலியாணம் முடித்து டென்மார்க் போன மகள் விட்டுச் சென்ற லப்ரொப் கணினியில் அந்த விளையாட்டைக் கண்டார். மனிதர்களை உருவாக்கி, வீடு கட்டி, அவர்களைச் சமைக்கவும் சண்டை பிடிக்கவும் கலியாணம் கட்டவும் வைக்கும் விளையாட்டு. அதில் நடந்த ஒரு கலியாணத்தைப் பார்த்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, உதென்ன கலியாணவீடு? கிடாரம் இல்லை, பந்தல் இல்லை. ஒரு துண்டு கேக்கைக் குடுத்துச் சனத்தை அனுப்புறாங்கள்!"

விளையாடுபவர்களே தங்களுக்கு வேண்டிய சாமான்களைச் செய்து இணையத்தில் இலவசமாகக் கொடுப்பார்கள் என்று சொன்னேன். அன்று நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

மனிதர் இணையத்திலிருந்து சாமான்களை இறக்க ஆரம்பித்தார். ஒஸ்லோவில் இருக்கும் தர்ஷி என்ற எங்கடை பிள்ளை ஒருத்தி கிடாரம், நிறைகுடம், வாழை கட்டிய பந்தல், கூறைச்சேலை எல்லாம் செய்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி எழுதி எழுதி, அவளுக்கு இவர் மாமாவாகிவிட்டார். பிரேசில்காரர் ஒருவர் தலைமயிர் செய்தார். கொரியாவில் ஒரு பெண் செருப்பு. எல்லாம் உரும்பிராய்க்கு வந்து இறங்கின. அந்தக் காய்ச்சலில் நானும் ஒரு கதிரை செய்தேன். அதற்கு மூன்று கால்தான் வந்தது. அந்த மூன்றும் நிலத்தில் படாமல் ஒரு சாண் உயரத்தில் மிதந்தன. அதைக் கிடாரத்தாருக்கு அனுப்பிவிட்டுக் கலைத்துறையிலிருந்து ஓய்வு பெற்றேன்.

"எல்லாம் இலவசம்தானே அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இலவசமோ? அந்தப் பிள்ளை கண்முழிச்சுச் செய்த சாமான். இரவல் தம்பி, இரவல்."

எனவே ஒவ்வொரு கோப்பின் பெயருக்கு முன்னும் செய்தவரின் முதலெழுத்து ஏறியது. பெயின்ருக்குப் பதில் விசைப்பலகை, அவ்வளவுதான். பிரேசில்காரர் இனிமேல் தான் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று அறிவித்தபோது, அவருடைய தலைமயிர் முழுவதையும் நன்றியோடு திருப்பி அனுப்பிவைத்தார் கிடாரத்தார். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, தெரியாது. பதில் வரவில்லை.

சாமான் பெருகப் பெருக லப்ரொப் மூச்சு வாங்கத் தொடங்கியது. விளையாட்டைத் திறக்கவிட்டுக் கோப்பாய்ச் சந்திக்குச் சைக்கிளில் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு வரலாம். சிலவேளை கறியும் வைக்கலாம். கிடாரத்தார் சாப்பாட்டில் மனமில்லாமல் திரிந்தார்.

"எனக்கு நெஞ்சு நொந்து ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கை கூட இந்தாள் உப்பிடிக் கவலைப்படேல்லை," என்றா அவருடைய மனைவி மணி அக்கா.

கடைசியில் என்னைக் கூப்பிட்டார். "நீ கந்தோர் ஆள் தம்பி. உதை ஒருக்கால் ஒழுங்குபடுத்தித் தா."

அரசாங்க ஊழியனுக்குத் தெரிந்த ஒழுங்கு ஒன்றுதான்: ஒரு பொருளை ஒருவரும் கண்டுபிடிக்க முடியாதபடி வைப்பது. ஒரு சனிக்கிழமை காலை அவரை "நீங்கள் போய்த் தேத்தண்ணி குடியுங்கோ" என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். மாகாணம் என்று ஒரு கோப்புறை. அதற்குள் மாவட்டம். அதற்குள் பிரதேச செயலகம், அதற்குள் கிராம சேவகர் பிரிவு, பிறகு வீதி, ஒழுங்கை, வளவு, வீடு, அறை, அலுமாரி, தட்டு. ஒரு சோடிச் செருப்புக்கு இவ்வளவு மரியாதை உலகில் எங்கும் கிடைத்திராது. பெயர்களுக்கு முன்னால் நின்ற எழுத்துக்கள் சுவரில் ஒட்டிய சேறு மாதிரித் தெரிந்தன. விசைப்பலகையில் ஒரு தட்டுத் தட்டி எல்லா எழுத்தையும் துடைத்தேன். கந்தோரில் மூன்று பிரதி எடுக்காமல் ஒரு கடுதாசியும் மேசையை விட்டு நகராது. அன்று நான் ஒரு பிரதிகூட எடுக்கவில்லை.

கிடாரத்தார் வந்தார். விளையாட்டைத் திறந்தேன். மின்னல் மாதிரித் திறந்தது. ஏனென்றால் உள்ளே ஒன்றும் இல்லை. அந்த விளையாட்டு ஓரளவு ஆழத்துக்குத்தான் கோப்புறைகளைத் தோண்டிப் பார்க்குமாம். என் கிராம சேவகர் பிரிவு வரை வருவதற்கே அதற்குச் சீவன் இல்லை.

பந்தல் போய்விட்டது. கிடாரம் போய்விட்டது. வெறும் வளவின் நடுவில் மணப்பெண் மொட்டைத் தலையோடு, கூறையும் இல்லாமல், ஏதோ ஓர் உள்ளாடையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். கிடாரத்தார் தோளில் கிடந்த துவாயை இழுத்துத் திரையை மூடினார்.

"என்னடாப்பா செய்தனீ? ஒரு குமர்ப்பிள்ளையை!"

"ஒண்டுமில்லை அண்ணை, இப்ப உடுப்பாட்டி விடுறன்," என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒஸ்லோவிலிருந்து தர்ஷி ஃபோனில் கூப்பிட்டாள். அவளுடைய கணினி செத்துவிட்டதாம். செய்த சாமான் முழுவதும் அதோடு போய்விட்டதாம். இணையத்தில் போட்டிருந்தவற்றையும், திருத்திப் போடலாமென்று முன்னமே அழித்துவிட்டாளாம். திங்கட்கிழமை ஒரு விளையாட்டுக் கம்பனியில் நேர்முகத் தேர்வு. செய்ததைக் காட்டாவிட்டால் வேலை இல்லை.

"மாமா, உங்களிட்டைத்தான் எல்லாம் இருக்கு. தருவீங்களோ?"

கிடாரத்தாரின் முகம் பூரித்தது. வாழ்நாள் முழுவதும் அவர் காத்திருந்த அழைப்பு அது. "ஓம் பிள்ளை, உன்ரை சாமான் பத்திரமா இருக்கு. பேர் போட்டு வச்சிருக்கிறன். பின்னேரத்துக்குள்ளை அனுப்புறன்."

மயங்கி விழலாமா என்று பார்த்தேன். விறாந்தை முழுக்க மணி அக்கா செத்தல் மிளகாய் பரப்பியிருந்தா, விழ இடமில்லை. சுகவீன விடுப்புக்கு விண்ணப்பிக்கலாமா என்றால், அது கந்தோர் இல்லை. கடைசியில் உண்மையைச் சொன்னேன்.

"அண்ணை... அந்த எழுத்துக்களை... நான் அழிச்சுப்போட்டன்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மெல்லக் கதிரையில் உட்கார்ந்து, கையை விரித்துப் பார்த்தார். "அப்ப எது ஆற்றை சாமான்?" என்றார், கையிடம் கேட்பதுபோல.

ஆழத்தில் புதைத்த கோப்புகளை மேலே தோண்டி எடுத்தேன். மணப்பெண்ணுக்குத் தலைமயிர் வந்தது, மானம் வந்தது. ஆனால் எது தர்ஷி செய்தது, எது கொரியாக்காரி செய்தது என்று ஒரு கோப்பும் சொல்லவில்லை.

"எல்லாத்தையும் சேர்த்து அனுப்புவம் அண்ணை. அவள் தன்ரையை எடுக்கட்டும்."

"மற்றவையின்ரை சாமானைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையின்ரை வளவுக்குள்ளை இறக்கிறதோ? நீ மனிசனே?"

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நான் தலையைப் பிடித்தபடி, கிடாரத்தார் நெஞ்சைப் பிடித்தபடி. மணி அக்கா மிளகாயை அள்ளிக்கொண்டே திரும்பிப் பார்த்தா.

"இஞ்சாருங்கோ, எழுத்து அழிஞ்ச சாமானைக் கலியாணவீட்டிலை என்ன செய்யிறனீங்கள்? முத்தத்திலை பரப்பிப்போட்டு, உங்கடையைத் தூக்குங்கோ எண்டு சனத்தைக் கூப்பிடுறேல்லையோ? ரெண்டு ஆம்பிளையள் இருந்து ஒப்பாரி வைக்கிறியள்!"

கிடாரத்தார் எழுந்தார். விளையாட்டுக்குள்ளேயே பெரிய வெறும் வளவு ஒன்று எடுத்தோம். அதில் எல்லாவற்றையும் இறக்கினோம். கிடாரம், குத்துவிளக்கு, வாளி, அலுமாரி, உடுப்புக் கொழுவிய பொம்மைகள். பிறகு தர்ஷியை வட்ஸ்அப்பில் கூப்பிட்டு ஃபோனைத் திரைக்கு நேரே பிடித்தோம்.

"ஐயோ, என்ரை பந்தல்! அந்த நிறைகுடம் என்ரை. வாளி என்ரை இல்லை. அந்தச் சேலை என்ரை மாமா, கரை பிழைச்சது, விடுங்கோ!"

"பிழைச்சாலும் உன்ரை உன்ரைதான், கொண்டு போ," என்றார் கிடாரத்தார். அவள் சொல்லச் சொல்ல நான் சாமானின் பெயரைப் பார்த்துக் கோப்பைத் தேடி எடுத்தேன். நடுவில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா, அந்த மூண்டுகால் கதிரை ஏன் ஆகாயத்திலை நிக்குது? உது ஆற்றை?"

நான் இருமினேன்.

"அது இஞ்சத்தை ஆளின்ரை. நீ மற்றதைப் பார் பிள்ளை," என்றார்.

பொழுது படமுன் அவளுடைய சாமான் எல்லாம் ஒஸ்லோ போய்ச் சேர்ந்தன. அவளுக்கு வேலையும் கிடைத்தது. தேர்வில் கிடாரத்தைக் கண்டு, குளிக்கும் தொட்டியா என்று கேட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து கிடாரத்தார் ஒஸ்லோ நகரத்தின் மீது நம்பிக்கை இழந்திருக்கிறார்.

எனக்குக் கிடைத்த தண்டனை, பின்னேரம்தோறும் போய் மிச்சக் கோப்புகளுக்கு எழுத்துப் போடுவது. இந்தப் பிறவியில் முடியாது. போன கிழமை அந்தக் கதிரை என் கண்ணில் பட்டது. கிடாரத்தார் விளையாட்டில் கட்டிய தன் சொந்த வீட்டின் விறாந்தையில், தன்னுடைய கதிரைக்குப் பக்கத்தில் அதைப் போட்டு வைத்திருந்தார். ஒரு சாண் உயரத்தில், மூன்று காலோடு.

"அண்ணை, உந்தச் சனியனை அழிக்கட்டோ?"

"தொடாதை. அது உன்ரை சாமான். நீ திருப்பிக் கேட்டால் தரவேணும்."

நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகவே தந்துவிடுவாரே என்று பயம்.