மூன்று எண் பூட்டும் பேனாக்கத்தியாரும்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் திறக்காத பூட்டோ அறுபடாத கயிறோ இருந்தால், அது இன்னும் எங்கள் பேனாக்கத்தியாரின் கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம்.

எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவர். குடியிருப்பது எங்கள் வரிசை வீடுகளுக்குப் பக்கத்து லயம். இடுப்பில் சங்கிலி போட்டு ஒரு மடக்குக் கத்தி தொங்கும். அதில் மீன் டின் திறப்பார், ரேடியோவுக்குத் திருகாணி முடுக்குவார், மழைநாளில் காலில் ஏறும் அட்டையை வழித்து எறிவார். பெரகல சந்தியில் படுத்துவிட்ட பஸ்ஸை அந்தக் கத்தியாலேயே கிளப்பி அனுப்பினாராம். அவரே சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

ஒரே தொல்லை, கத்தியின் வரலாற்றைச் சொல்லி முடிக்காமல் அதை விரிக்கமாட்டார்.

"ஓலையில எழுதுன காலத்துலயே மடக்கெழுத்தாணின்னு ஒண்ணு இருந்துச்சு தம்பி. ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் ஓலைய சீவுற கத்தி. அப்புறம் வெள்ளக்காரன் வந்தான். எறகுப் பேனா சீவ ஒரு கத்தி வச்சிருந்தான். அதான் பேனாக்கத்தி..."

அதற்குள் மீன் டின்னுக்காகக் காத்திருந்தவர் வெறும் சோற்றைத் தின்று கை கழுவியிருப்பார்.

என் கல்யாணம் பதுளையில் ஒரு கோயிலில் நடந்தது. பெண் எங்கள் தோட்டத்து மேல் டிவிசன். காதல்தான். இரண்டு வீட்டையும் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. அன்றைக்கு முகூர்த்தம் தவறினால் சகுனம் சரியில்லை என்று எழுந்து போய்விட, அவளுடைய பெரியப்பா தயாராகவே இருந்தார்.

தாலியை, அண்ணன் கட்டாரிலிருந்து அனுப்பிய புது ஜிப் பெட்டியில் கொண்டுவந்தோம். இரண்டு ஜிப் இழுப்பானையும் சேர்த்து மாட்டும் மூன்று எண் பூட்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று அம்மா பூட்டி, எண்களை உருட்டியும் விட்டார். எந்த எண்ணில் திறக்கும் என்று யாரும் பார்த்து வைக்கவில்லை. அண்ணனோ போனை எடுக்கவில்லை. லயத்து நம்பர், லுணுகலை பஸ் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தோம்.

"ராகு காலம் வரப்போவுதுங்க" என்றார் ஐயர்.

சித்தப்பா சுத்தியலோடு வந்தார். "நல்ல நாள்ல தாலி இருக்கிற பெட்டிய ஒடைக்கிறதா? வெளங்குமா?" என்று அம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார்.

பேனாக்கத்தியார் எழுந்தார். கூட்டம் வழி விட்டது. அம்மாவை எழுப்பினார், சங்கிலியைக் கழற்றினார், தொண்டையைச் செருமினார்.

"ஓலையில எழுதுன காலத்துலயே..."

மணவறையிலிருந்து மணப்பெண் கத்தினாள்: "மாமா! தாலி ஏறுனப்புறம் வெள்ளக்காரன் வரட்டும்! மொதல்ல பெட்டிய தொறங்க!"

வரலாறு சொல்லாமல் அவர் கத்தியை விரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கத்தி முனையை ஜிப் பற்களுக்கு நடுவே வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். ஜிப் வாயைப் பிளந்தது. தாலியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பூட்டோடு சேர்ந்திருந்த ஜிப் இழுப்பான்களை அப்படியும் இப்படியும் இழுத்தார். பெட்டி மறுபடி மூடிக்கொண்டது. ஒரு கீறல் இல்லை.

"நான் எங்க ஒடச்சேன், அக்கா?" என்றார் அம்மாவிடம்.

மேளம் கொட்டியது. ராகு காலம் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று முடிச்சையும் போட்டுவிட்டேன். பெரியப்பாவே அட்சதை தூவினார்.

பந்தியில் பேனாக்கத்தியார் எங்கள் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"எங்க விட்டேன்?"

"ஓலையில, மாமா" என்றாள் என் மனைவி.

சோறு ஆற ஆற முழுக் கதையையும் கேட்டோம். வெள்ளைக்காரன் வந்து, பேனா சீவி, கதை முடிந்தபோது, இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கலாமே என்று இருந்தது.