மூன்று சக்கரமும் மூன்று சத்தியமும்

அன்பும் தைரியமும் நிறைந்த சித்திக்கு,

தைரியம் துளியும் இல்லாத உங்கள் அக்காவின் இளைய மகள் எழுதிக்கொள்வது. நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். வாய்தான் யாருக்கும் அடங்கவில்லை.

இதை நான் எங்கள் ஹாலில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்து, டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். பெட்டி எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, அப்பாவின் தலை தலையணைக்கு மேலே இருக்கிறது. நாளை பள்ளிக்கூடம் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிடுவேன், எப்படியும் சனிக்கிழமைக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும். வந்ததும் தயவுசெய்து படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள். விஷயம் இதுதான்: வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா சுண்டெலியைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடுவாள் போலிருக்கிறது. காரணம் ஒரு மூன்று சக்கரத் தள்ளுவண்டி.

சுண்டெலியை நீங்கள் தொட்டிலில் பார்த்ததோடு சரி. இப்போது அவளுக்குப் பத்து மாதம். முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன, கைக்கு எது கிடைத்தாலும் கொறிக்கிறாள், பெயர் அப்படி வந்ததுதான். அவளிடம் ஒரு கெட்ட பழக்கம், நகர்ந்துகொண்டே இருந்தால்தான் தூங்குவாள். நாங்கள் முறை வைத்துத் தோளில் போட்டு நடந்து நடந்து, வீட்டில் யாருக்கும் தோள் இல்லை. அத்தான் கப்பலில் இருக்கிறார், அவர் தோள் கிடைக்க இன்னும் ஆறு மாதம் ஆகும். அக்கா திங்கட்கிழமை மறுபடியும் ஆஸ்பத்திரி வேலைக்குப் போக வேண்டும். அதற்குள் ஒரு தள்ளுவண்டி வாங்கிவிடலாம் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்தோம். எங்கள் வீடு ஒருமனதாக இருந்தது அன்றோடு முடிந்தது.

அம்மா வேலைக்குப் போயிருந்ததால் கடைக்கு அப்பா, அக்கா, சுண்டெலி, நான் என்று நான்கு பேர் போனோம். அக்காவுக்குப் பார்த்தவுடனேயே அந்த மூன்று சக்கர வண்டி பிடித்துவிட்டது. பின்னால் இரண்டு பெரிய சக்கரம், முன்னால் ஒரு சின்ன சக்கரம், அது எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சுழலும், ஒரு கையில் பையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தள்ளலாம். அப்பா அதைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். இத்தனை வருடம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் எதையும் நின்றபடி பார்க்க மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும்.

"முன்னாடி ஒத்தைச் சக்கரம். வளைவுல சாயாதா?" என்றார்.

"சாயாது சார். ஒரு விரலால திருப்பலாம்" என்றார் விற்பனையாளர்.

"ஒரு விரலால திருப்புறவன்தான் எங்கிட்ட பெயிலாகுறான். நாற்காலிக்கு எதுக்கு நாலு கால் வெச்சான், சொல்லுங்க?"

"முக்காலிக்கு எதுக்கு மூணு வெச்சான்னு அவரையே கேளுங்கப்பா" என்றாள் அக்கா.

அப்பா விற்பனையாளரையே வண்டியைத் தள்ளச் சொல்லிவிட்டு, இடது பக்கமாகக் கூடவே நடந்தார். "கிளம்புறதுக்கு முன்னாடி எங்க பாக்கணும்?" என்றார். அவர் முன்னால் கையைக் காட்டினார். "பின்னாடி பாக்கணும்யா!" என்று அப்பா போட்ட சத்தத்தில் அந்த மனிதர் பின்னால் பார்த்துக்கொண்டே முன்னால் தள்ளினார். அங்கே குழந்தைகளைக் குளிப்பாட்டும் தொட்டிகளைக் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். அப்பாவின் பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு அல்லவா, அந்த நினைப்பில் வலது காலால் கடையின் தரையை ஓங்கி மிதித்தார். தரையில் பிரேக் இல்லை. கோபுரம் சரிந்தது. சத்தம் கேட்டு வந்த மேனேஜர் தொட்டிகளுக்கு நடுவே நின்று கை கூப்பினார். "ஐயா, வண்டியை வீட்டுக்கே எடுத்துட்டுப் போய் ஓட்டிப் பாருங்க. ஞாயித்துக்கிழமை கொண்டாந்து வேணுமா வேண்டாமான்னு சொன்னாப் போதும். அதுவரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வரணும்னு அவசியமே இல்ல."

இப்படித்தான் வண்டி வீட்டுக்கு வந்தது. வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "மடிச்சா எவ்வளவு?" கண்ணாடிப் பாத்திரக் கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்பவளுக்கு உலகத்தில் இரண்டே வகைச் சாமான்கள், மடிவது, மடியாதது. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் வண்டியை மடித்துப் பார்த்தாள். வண்டி அழகாக மடிந்தது, அம்மாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவையும் சேர்த்து மடித்துக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. நாடாவை வெட்டிவிடலாம் என்றேன். "கட்டினதை வெட்டுறவ பேக்கிங்ல இருக்க லாயக்கில்ல" என்று சொல்லிவிட்டு, தலையை மட்டும் நாடாவிலிருந்து உருவிக்கொண்டு, அட்டை இல்லாமல் கம்பெனிக்குள் விட மாட்டார்கள் என்பதால் வண்டியையே தூக்கிக்கொண்டு போனாள். வாசலில் காவலாளி, "உள்ள போறது யாரு, நீங்களா வண்டியா?" என்று கேட்டாராம். உள்ளே போய் அதை மேசையில் வைத்துவிட்டு ஒரு மீட்டிங்குக்குப் போய் வருவதற்குள், அம்மாவிடம் வேலை கற்றுக்கொண்ட பெண்கள், மேசைமேல் இருப்பதைக் கட்டுவதுதானே நம் வேலை என்று, வண்டியைச் சுற்றிக் காகிதம் திணித்துப் பெட்டியில் போட்டு, நான்கு பக்கமும் ஒட்டி, 'இந்தப் பக்கம் மேலே' என்று அம்புக்குறியும் போட்டுவிட்டார்கள். லாரியில் ஏறுவதற்குள் அம்மா பார்த்துவிட்டது அத்தான் செய்த புண்ணியம். ஒட்டிய பெட்டியை வழியில் பிரிப்பது அவர்கள் பிரிவில் பாவம் என்பதால், அப்படியே வாடகை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நான் உட்கார்ந்திருப்பது அந்தப் பெட்டியில்தான்.

"நல்லவேளை, உன்னையே பார்சல் பண்ணி அனுப்பாம விட்டாங்களே" என்றார் அப்பா.

"அனுப்பியிருந்தா நல்ல விலாசமாப் பாத்துப் போய்ச் சேந்திருப்பேன்" என்றாள் அம்மா.

அம்மாவின் தீர்ப்பு என்னவென்றால், மூன்று சக்கர வண்டி முக்கோணம், முக்கோணம் பெட்டியில் இடத்தை வீணாக்கும், நாலு சக்கரம் அதைவிடக் கனம், ஆகவே குழந்தையை மார்போடு கட்டிக்கொள்ளும் துணிப்பை போதும், அது மடித்தால் கைக்குட்டை.

அடுத்தது அப்பாவின் தேர்வு. நேற்று மாலை, எங்கள் கட்டடத்தில் வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், பயிற்சிப் பள்ளியிலிருந்து கொண்டுவந்த சிவப்புக் கூம்புகளை வரிசையாக வைத்தார். தள்ளுவண்டியின் முன்னால் 'எல்' போர்டு மாட்டினார். சுண்டெலிக்குப் பதிலாக அவள் எடைக்கு ஒரு அரிசி மூட்டையை உட்கார வைத்து வாரெல்லாம் மாட்டினார். அதோடு நிற்கவில்லை, சுழலாமல் இருக்க முன் சக்கரத்தைப் பூட்டிவிட்டார். பூட்டுகிற வசதி அந்த வண்டியிலேயே இருக்கிறது, கரடுமுரடான பாதையில் நேராகப் போவதற்காம்.

"பூட்டினா எப்படிப்பா திரும்பும்?" என்றாள் அக்கா.

"அது ஓட்டுறவங்க திறமை."

முதல் கூம்பை அக்கா எப்படியோ தாண்டினாள். இரண்டாவதில் வண்டி நேராகப் போய் ஏறி நின்றது. அப்பாவின் கால் தரையை மிதித்தது. எல்லா பால்கனியிலும் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள், யாரோ கைகூடத் தட்டினார்கள். அப்பா, "பெயில். அடுத்த வாரம் வா" என்றார். சித்தி, அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. தினமும் எத்தனையோ பேரிடம் சொல்கிற வார்த்தை, வாயில் தானாக வந்துவிட்டது.

"நான் பெத்த பிள்ளையைத் தள்ள நீங்க லைசென்ஸ் குடுக்கணுமா?" என்று அக்கா கேட்ட சத்தத்தில் கை தட்டியவர் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டார். "ராத்திரி முழுக்க வார்டுல கட்டில் கட்டிலாத் தள்ளுறவ நான். ஒரு நோயாளியைக் கீழ போட்டிருக்கேனா?"

அப்பா இங்கே பேசாமல் இருந்திருக்கலாம். "கட்டிலுக்கு நாலு சக்கரம்" என்றார்.

அவ்வளவுதான். அக்கா அரிசி மூட்டையை அவிழ்த்து அப்பாவின் கையில் கொடுத்தாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள இதுக்கு ஒரு முடிவு வரலேன்னா, நான் பிள்ளையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸுக்குப் போயிடுறேன். அங்க குழந்தைங்களைப் பாத்துக்க ஆள் இருக்கு. எந்த வண்டியில போனாலும் யாரும் பரீட்சை வெக்க மாட்டாங்க." அப்பா மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அதைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்பு வந்தது, ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

சித்தி, சுண்டெலி தூங்குவது என் அறையில். தினமும் காலையில் என் முடியைப் பிடித்து இழுத்து எழுப்புகிறாள். அவள் வருவதற்கு முன் நான் எப்படி எழுந்தேன் என்பதே மறந்துவிட்டது. அவள் போய்விட்டால் இனி என்னை யார் எழுப்புவார்கள்? ஆனால் பயம் அதனால் மட்டும் இல்லை. நேற்று இரவு சாப்பிடும்போது, ஒருவரோடொருவர் பேசாத மூன்று பேரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கடையில் எந்த வண்டி என்று நான் சொல்ல வேண்டுமாம், ஏனென்றால் நான் யார் பக்கமும் இல்லாதவளாம். உண்மை என்னவென்றால் நான் எல்லார் பக்கமும் இருக்கிறேன். இன்று காலை அப்பா என்னைப் பயிற்சிக் காரில் பள்ளிக்கூடத்தில் விடப் போனார், பாதி வழியில் நிறுத்தி, "நாலு சக்கரம்தானே சொல்லப்போறே?" என்று கேட்டார். மணி அடிக்கப்போகிறது, பின்னால் எல்லா வண்டியும் ஹாரன் அடிக்கிறது, நான் என்ன செய்வேன்? சத்தியம் செய்தேன். மாலையில் அம்மா தலை பின்னிவிடும்போது துணிப்பையைப் பற்றிக் கேட்டாள். சிக்கில் சீப்பு மாட்டியிருக்கும்போது யாராவது மறுத்துப் பேசுவார்களா? அங்கேயும் சத்தியம். அக்கா எதுவுமே கேட்கவில்லை. சுண்டெலியை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவளிடம் நானாகவே சத்தியம் செய்தேன்.

ஆகவே சித்தி, நீங்கள் சனிக்கிழமை போன் செய்து, யதார்த்தமாக விசாரிப்பது போல விசாரித்து, மூன்று சக்கரமே நல்லது என்று அப்பாவிடம் அடித்துச் சொல்ல வேண்டும். நம் சொந்தத்தில் அப்பாவிடம் ஓட்டக் கற்றுக்கொண்டு முதல் தடவையிலேயே பாஸானவர் நீங்கள் ஒருவர்தான். உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பார். நான் எழுதியது தெரிந்தால் மூன்று பேரும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள், அதுவும் எனக்கு எதிராக.

சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் என்றும் சண்டையில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன், நாங்கள் எங்காவது வந்து ஒதுங்க வேண்டுமே.

இப்படிக்கு,
பெட்டிக்குள்ளிருந்து,
உங்கள் பயந்தாங்கொள்ளி.

பின்குறிப்பு: போன் செய்ய வேண்டாம். கையெழுத்துப் போட்ட கையோடு அக்கா தண்ணீர் குடிக்க வந்துவிட்டாள். "பெட்டிக்குள்ள என்னடி வெளிச்சம்?" என்று கடிதத்தைப் பிடுங்கி முழுவதும் படித்தாள். அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குவார்ட்டர்ஸில் இடமே இல்லையாம். கோபத்தில் சும்மா சொன்னாளாம். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அப்பா காலைப் பாத்தியா? தரையை மிதிச்சு மிதிச்சு பாதம் வீங்கிப்போயிருக்கு. பாவம்டி. கடையில நாலு சக்கரமே போதும்னு நானே சொல்லிடுறேன். அதுவரைக்கும் அவர்கிட்ட வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன்." சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுபடியும் பின்குறிப்பு: அக்கா போனதும் அப்பா நொண்டிக்கொண்டே வந்தார். நான் டார்ச்சை அணைத்துவிட்டேன். யாரும் இல்லை என்று நினைத்துத் தள்ளுவண்டி பக்கத்தில் உட்கார்ந்து முன் சக்கரத்தின் பூட்டைத் திறந்தார். ஒரு கையால் ஜன்னல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். வண்டி சத்தமே இல்லாமல் திரும்பியது. "தாத்தா இருக்கேன்ல, தூங்கு" என்று காலி வண்டியிடம் சொன்னார். எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அப்பா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "மூணு சக்கரமே வாங்கிடுறேன். உங்க அக்கா மிரட்டினதுக்குப் பயந்துட்டேன்னு அவ நெனச்சுடக் கூடாது. ஞாயித்துக்கிழமை கடையில நானே சொல்லிக்கிறேன். நீ ஒண்ணும் பாக்கல" என்றார். பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தேன்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை கடையில் அப்பா மூணு என்பார், அக்கா நாலு என்பாள், சண்டை அதே இடத்தில் நிற்கும், ஆட்கள்தான் பக்கம் மாறியிருப்பார்கள். இது போனில் தீருகிற விஷயம் இல்லை சித்தி, நேரிலேயே வந்துவிடுங்கள். அம்மா மட்டும் இன்னும் எழுந்து வரவில்லை. அவளும் வந்து மனம் மாறுவதற்குள் உறையை ஒட்டிவிடுகிறேன்.