தறிக்குழிக்குள் மசால் வடை

வாழ்க உமாபதி. பிள்ளையார்பாளையத்துத் தறிகளுள் தலைநின்ற தறிக்கு உரியவன், பட்டிழை அறுமுன்னே அதன் முனகலைக் கேட்கும் செவியினன், ஊர் ஊராய் மணமேடை ஏறிய புடவைகளைப் பெற்றும் ஒன்றன் கல்யாணத்திலும் பந்தியில் அமராதவன், ஒருகாலத்தில் கோயில் முரசென அதிர்ந்த மார்பினன், இன்று காலை எழுந்ததும் ஒரு சிறு வெள்ளை மாத்திரையை விழுங்குபவன், வாழ்க.

அவனை எதிர்த்தவனும் வாழ்க. பகைவன் அற்பன் என்றால் வீரனும் அற்பனே அன்றோ. கடலைப்பருப்பால் ஆன திரண்ட மேனியும், வெங்காயக் கீற்றுகள் பதித்த கவசமும், காத தூரம் முன்னோடிச் சென்று வரவு சொல்லும் சோம்பு மணமும் உடையவன். கொதிக்கும் எண்ணெயில் மூழ்கி, மாண்டுபோவான் என்று கண்டோர் எண்ணியிருக்கப் பொன்னிறத்துடன் மேலெழுந்தவன். அவன் பெயர் மசால் வடை.

நாவே, உன்னை வணங்குகிறேன். இப்போருக்கு மூலம் நீ. பாட வேண்டியதைப் பாடிவிட்டு உள்ளே போய்ப் படு.

பங்குனி மாதத்து நண்பகல் ஒன்றில், தறியில் அமர்ந்திருந்தபோதே, உமாபதியின் மார்பை எவரோ தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டுவதுபோல் இறுக்கிக் கட்டினர். ஆட்டோவில் ஏற்றினர். மருத்துவமனையில் வெள்ளை அங்கி அணிந்த மெலிந்த பெண்ணொருத்தி, அவன் நெஞ்சின் மீது வயர்களைப் பரப்பி, அது வரைந்த மலைகளையும் பள்ளங்களையும் நெடுநேரம் நோக்கி, இம்முறை அழிவில்லை என்றும், இரத்த அழுத்தம் மட்டும் கோட்டை மதிலைத் தாண்டி நிற்கிறது என்றும் கண்டு, நாற்றிசையும் கேட்க ஆணை பிறப்பித்தாள். உப்பைப் பாதியாக்குக. பொரித்ததைத் தீண்டற்க. புகையை விடுக. நாள்தோறும் நடக்க.

பீடியை உமாபதி அன்றே விட்டான். அதற்கு ஒரு பாராட்டும் கேட்கவில்லை. ஆனால் வடை பீடி அன்று.

ஆணையை நிறைவேற்றும் பொறுப்பை அவன் மனைவி கமலாட்சி ஏற்றாள். ஊறுகாய் ஜாடியை நாடு கடத்தினாள். அது பக்கத்து வீட்டில் அடைக்கலம் புகுந்தது. அப்பளக்கட்டு அதன் பின்னே சென்றது. எண்ணெய் டின் இருந்த இடத்தில் ஒரு சின்னஞ்சிறு புட்டி அரசாண்டது. கொள்ளு ரசமும் சுரைக்காய்க் கூட்டும் கேழ்வரகுக் கூழும் அணி அணியாய் வந்து பாசறை இறங்கின. முதல் வாரம் உமாபதி ரசத்தை வெந்நீர் என்று பழித்தான். பிறகு எப்போது பழிப்பதை விட்டான் என்பது அவனுக்கே தெரியாது.

அதனினும் பெரியது கமலாட்சி எடுத்த சபதம். தயிர்ச்சோற்றுக்கு அப்பளத்தை நொறுக்கிப் போட்டுக்கொள்ளாமல் கை நனைக்காத அவள், அடுப்படியில் நின்று, "ஒங்களுக்கு இல்லாதது எனக்கும் இல்ல. பிரஷர் எறங்கற வரைக்கும்" என்று உரைத்தாள். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. ஆயினும் தனக்கென ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்காமல் அதே சுரைக்காயை அவனெதிரே அமர்ந்து உண்டாள்.

இவ்வாறு வாரங்கள் கழிந்தன. மறுநாள் மருத்துவமனையில் கைப்பட்டை கட்டி மீண்டும் அழுத்தம் பார்க்க வேண்டிய நாள். இறங்கியிருந்தால் சபதம் முடியும். இறங்காவிட்டால் மாத்திரை இரண்டாகும், சுரைக்காய்க்கும் ஓய்வில்லை. அந்த முந்தைய நாளின் காலையில்தான், கரையருகே வந்த தோணி கவிழ்வது போல, நம் வீரன் கவிழ்ந்தான்.

மருத்துவர் விதித்த நடை கச்சபேஸ்வரர் கோயில் வரை சென்று மீளும். அந்த வழியில் தேவசகாயத்தின் டீக்கடை இருப்பதை மருத்துவர் அறியார். ஆண்டுகள் பல கடந்தும் மாவில் உப்பிடும் அளவில் இம்மியும் பிறழாத கையை உடையவன் தேவசகாயம். அன்று அவன் தட்டில் ஒரேயொரு வடை எஞ்சியிருந்தது. போர்க்களத்தில் தன் படை முழுதும் வீழ்ந்தபின் தனித்து நிற்கும் மன்னன் போல அது உமாபதியை நோக்கியது. உமாபதியும் அதை நோக்கினான்.

"அண்ணே, ஒனக்குத் தரமாட்டேன்" என்றான் தேவசகாயம். "அக்கா சொல்லி வச்சிருக்குது."

"எனக்கு யாருப்பா கேட்டா. கமலாட்சிக்கு."

"அக்காவா கேட்டுச்சி?"

"ஆமாபா. வாய்க்கு ஒரு மாதிரி இருக்குதாம்."

தேவசகாயம் வடையைச் செய்தித்தாளில் மடித்தான். "நேரா அது கையில குடு. நடுவுல மடக்கிக்காத."

பொய் என்னும் மதயானை மீதேறி, வடை என்னும் செல்வத்தை மடியில் மறைத்து, நடையின் பயனால் இளைத்த வயிற்றை அந்தப் பொட்டலத்தால் மீண்டும் புடைத்துக் காட்டியவனாய், உமாபதி தன் நகர் புகுந்தான். கமலாட்சி கொல்லையில் இருந்தாள். வீட்டில் அவள் கண் படாத இடம் ஒன்றே. நெய்கிறவன் காலைத் தொங்கவிட்டு அமரும் தறிக்குழி. அதன் ஆழத்தில், மிதிகட்டைகளுக்கு அப்பால், இருள் காக்கும் மூலையில் பொட்டலத்தை வைத்தான். வைத்தவன் தறியேறினான்.

இங்கேதான் அவன் அறிவு அவனைக் கைவிட்டது. ஏனெனில் தறியில் இருந்தது கோர்வைப் புடவை. உடல் சந்தன நிறம், கரை அரக்கு நிறம். இரு நிறங்களும் சந்திக்கும் இடத்தில் இழையோடு இழை பின்னிப் பிணைய வேண்டும். அதனால் கோர்வைத் தறியில் ஒருவர் தனித்து அமர்வதில்லை. உடலுக்கும் வலக்கரைக்கும், ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடாவை உமாபதி எறிவான். இடக்கரைக்குரிய நாடா, கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்திருக்கும் கமலாட்சியின் கையில். அவன் எறிந்தால் அவள் எறிய வேண்டும். அவன் நின்றால் அவள் நிமிர்ந்து பார்ப்பாள். ஊரிலுள்ள ஒளிவிடங்களையெல்லாம் விட்டுவிட்டு, காவலாளியின் மடிக்குக் கீழே களவுப்பொருளைக் கொண்டுவைத்த கள்வன் உலகில் இவன் ஒருவனே.

நாடாக்கள் பறந்தன. தறிப்பலகை அடித்தது. வடை மணத்தது.

"சோம்பு வாசன வருது" என்றாள் கமலாட்சி.

"பக்கத்து வூட்ல ஏதாச்சும் சுடுவாங்க."

"பக்கத்து வூட்ல பூட்டிக்கினு முசரவாக்கம் போயிருக்காங்க."

உமாபதி பலகையை ஓங்கி அடித்தான். அதற்குள் பாதாளத்தில் வேறொரு போர் மூண்டுவிட்டது. சுவரின் விரிசலிலிருந்து எறும்புகளின் ஒற்றன் ஒருவன் வந்து, பொட்டலத்தை வலம்வந்து, திரும்பிச் சென்று, செய்தி சொல்ல, கருமேனிக் காலாட்படை கடலெனத் திரண்டு, கொடியின்றிக் கொம்பின்றி, உமாபதியின் வலக்காலையே பாலமாக்கி அணிவகுத்தது. கடிபட்ட கால் துடித்தது. துடித்த கால் மிதிகட்டையைப் பிழையாக மிதித்தது.

"இன்னாங்க, கால் இன்னிக்கி ஒரு தினுசா ஆடுது."

"கொசு."

"பட்டப்பகல்லயா?"

இனித் தாமதித்தால் வடை எறும்புகளுக்கு, கால் கமலாட்சிக்கு என்று கணித்த உமாபதி, தன் கடைசிச் சூழ்ச்சியைத் தொடுத்தான். "ஊடைத் தார் தீந்துபோவும் போல இருக்குது. உள்ள சுத்தி வச்சத எடுத்தாயேன், கமலா."

அவள் எழுந்து உள்ளே போனாள்.

அந்தக் கணமே நம் வீரன் குழிக்குள் குனிந்தான். வல்லூறு கோழிக்குஞ்சைக் கவ்வுவதுபோல் பொட்டலத்தைக் கவ்வினான். ஊதினான், எறும்புப் படை சிதறியது. பிட்டான், இரு துண்டாயிற்று. ஒன்றை வாயில் இட்டான். வாரங்கள் பலவாய் வெறுமையில் வாடிய அந்த நாவின் மேல் பகைவன் இறங்கினான். பற்கள் இரண்டு முறை மூடித் திறந்தன.

"தாரு இங்கியே கூடத்துலதான இருந்தது" என்றபடி கமலாட்சி திரும்பி வந்து அமர்ந்து, நாடாவை எடுத்தாள். "ம், போடுங்க."

உமாபதி போடவில்லை. அவன் எதிரே, முகம் தெரியாத ஒரு மணப்பெண்ணுக்காக விரிந்து கிடந்தது சந்தன நிறப் பட்டு. அவன் இடக்கையில் பாதி வடை. அவன் வலக்கை விரல்கள் ஐந்தும் எண்ணெயில் பளபளத்தன. வேட்டியில் துடைத்தால் போயிற்று என்று வேறொருவன் நினைப்பான். துடைத்த எண்ணெய் போவதில்லை. அது இழையில் ஏறி, வெயில் பட்டதும் விரிந்து, எந்தச் சலவைக்கும் அஞ்சாமல் அங்கேயே குடியிருக்கும் என்பதை அறிந்தவன், வாய்க்காக மனைவியிடமும் டீக்கடையிலும் பொய்யுரைக்கத் துணிந்தவன், அழுத்தத்துக்கும் அஞ்சாதவன், மருத்துவரின் ஆணைக்கும் அஞ்சாதவன், கழுவாத கையால் பட்டைத் தொட மட்டும் அஞ்சி, வலக்கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, சரணடைந்த மன்னனாய், உப்பிய கன்னத்துடன் மொழிந்தான்:

"கை எண்ண."

கமலாட்சி அந்தக் கையைப் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாள். குழிக்குள் எட்டிப் பார்த்தாள். நாடாவைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கி ஆஸ்பத்திரி வராண்டால ஒங்க செருப்ப மடில வச்சிக்கினு ஒக்காந்திருந்தேன்" என்றாள். "இத மட்டும் வூட்டுக்கு எடுத்துக்கினு போற மாதிரி ஆயிடுமோன்னு."

அவள் இதை இதற்குமுன் ஒருபோதும் சொன்னதில்லை. உமாபதியால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. உயர்த்திய கை உயர்ந்தபடியே நின்றது.

வடையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "ஒனக்குன்னு சொல்லித்தான் வாங்கனேன்" என்றான்.

"யாராண்ட?"

"தேவசகாயத்தாண்ட. ஒன் கையில குடுக்கச் சொன்னான்."

"அப்ப குடுங்க."

அவன் கொடுத்தான். சபதமெடுத்த அந்த வீரப்பெண், வாரங்கள் பலவாய் அப்பளமின்றித் தயிர்ச்சோறு உண்ட தவத்தினள், பாதி வடையின் மேல் ஊர்ந்த எறும்பொன்றை ஊதித் தள்ளிவிட்டு வாயிலிட்டாள். அவனும் அடக்கி வைத்திருந்ததை மெல்லத் தொடங்கினான். தறி நின்றது. நாடாக்கள் உறங்கின. எறும்புப் படை உதிரிகளைச் சுமந்து தன் நாடு திரும்பியது. தேவசகாயத்தின் பிறழாத கையும், கொள்ளு ரசத்தின் சேனைகளும், கண்காணா ஊரிலிருந்த மணப்பெண்ணும், நாளைக் காலைக்குக் காத்திருந்த கைப்பட்டையும் மூச்சடக்கி நோக்கி நிற்க, நாடிழந்து நெடுநாள் அலைந்த வேந்தர் இருவர் தம் பழைய அரண்மனை வாயிலில் மீண்டும் அடியெடுத்து வைப்பதுபோல், கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி மென்றனர். மென்று, ஒருங்கே நிறுத்தி, ஒருங்கே முகம் சுளித்தனர்.

வடை உப்புக் கரித்தது.