மாமியாருக்கு எட்டாத வண்டி

வருகிற கல்யாண நாளில் என் மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டி ஓட்டியே தீருவது என்று சபதம் செய்தேன். சிரிக்காதீர்கள். வண்டி வாங்கி மூன்று வருஷமாகிறது. முன்சீட்டில் இதுவரை அவள் உட்கார்ந்ததே இல்லை. அது எங்களோடு இருக்கும் என் மாமியாரின் சிம்மாசனம்.

"பின்னாடி முட்டி மடங்கலை மாப்பிள்ளை" என்று முன்னால் ஏறுவார். ஏறியதும் முட்டி ஓய்ந்துவிடும், வாய் ஆரம்பித்துவிடும். "மெதுவா மாப்பிள்ளை, லாரி வருது!" லாரி எங்கேயோ ஓரமாக நின்றுகொண்டிருக்கும்.

'வராதீங்க' என்று சொல்ல எனக்கு ஏது துணிச்சல்? அவரால் ஏற முடியாமல் போனால்? நான் தையல்காரன். அளவெடுக்காமல் எதிலும் கத்தரி வைக்க மாட்டேன்.

"அத்தை, உங்களுக்கு ஒரு பாவாடை தைக்கப் போறேன். காலைக் கொஞ்சம் தூக்குங்க."

"பாவாடைக்கு எதுக்கு மாப்பிள்ளை காலைத் தூக்கணும்?"

"புது மாடல் அத்தை. இன்னும்... இன்னும்..."

இருபத்துமூன்று இன்ச். அதற்கு மேல் "அம்மாடி!" என்றார். கடை நோட்டில் குறித்துக்கொண்டேன்: 'அத்தை, கால் தூக்குவது, 23.' வண்டிக்குள் கால் வைக்கும் இடம் தரையிலிருந்து இருபது. ஆஹா, கொஞ்சம் உயர்த்தினால் போதும்!

ரோடு சரியில்லை என்று மனைவியிடம் கதையளந்து, அவளையும் கூட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன்.

"ரெண்டு இன்ச் லிஃப்ட் பண்ணி, முப்பத்திரண்டு இன்ச் டயர் போடலாம் சார். இப்ப இருக்கறது முப்பது. டயர் ரெண்டு இன்ச் பெருசானா வண்டி ஒரு இன்ச்தான் உயரும். ஆக மொத்தம் மூணு."

இருபதும் மூன்றும் இருபத்துமூன்று. ஐயோ, அத்தை ஜம்மென்று ஏறிவிடுவாரே!

"பத்தாது. மூணு இன்ச் தூக்கு. முப்பத்துமூணு டயர் போடு."

"நாலரை இன்ச் ஏறிடும் சார். ரெண்டு பக்கமும் கால் வைக்கப் படி போட்டுடலாமா?"

"படியா? எனக்கெதுக்குய்யா படி? தாவி ஏறுவேன்!"

மனைவி பக்கம் திரும்பினேன்.

"என்னம்மா, நீ ஒண்ணும் சொல்லலையே?"

"நான் என்னத்தைச் சொல்றது? அளவெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கடையில் அவசர வேலை இருந்ததால் வண்டியை அவளே போய் எடுத்து வந்தாள்.

கல்யாண நாள் காலை. என் கையால் தைத்த புது பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வண்டி மலை மாதிரி நின்றது. மாமியார் கைப்பையோடு தயாராக இருந்தார்.

"அடடா, வண்டி உயரமாப் போச்சே அத்தை! உங்களால ஏற முடியாதே!" என் குரலில் அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

"பார்க்கலாம் மாப்பிள்ளை" என்று அவர் அந்தப் பக்கம் போனார். அடுத்த நிமிஷம் முன்சீட்டில் அவர் தலை தெரிந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கே பளபளவென்று ஒரு இரும்புப் படி!

"யார் போடச் சொன்னது?"

"நான்தான்" என்றாள் மனைவி. "உங்க நோட்டைப் பார்த்தேன். எங்கம்மா காலுக்கு இருபத்துமூணுன்னு எழுதியிருந்தது. பாவாடை அளவைக் காணோம்."

"சரி, என் பக்கம் படி எங்கே?"

"நீங்கதான் தாவி ஏறுவேன்னீங்களே? உங்க பக்கம் வேண்டாம்னுட்டேன்."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தாவினேன். டர்ர்ரென்று பேன்ட் கிழிந்தது. ஒரு கால் உள்ளே, ஒரு கால் அந்தரத்தில். ஊரையே அளந்த நான் என் காலை அளக்கவில்லை.

முன்சீட்டிலிருந்து மாமியார் கையை நீட்டினார்.

"கூச்சப்படாமப் பிடிச்சுக்கோங்க மாப்பிள்ளை. எல்லாம் வயசுதான்."