தேர்ப் பெட்டிக்கு நான் போட்ட பூ

ஒரு கட்சியைத் தோற்கடிக்க எதிர்க்கட்சி தேவையில்லை. பயபக்தியுள்ள ஒரு மருமகள் போதும். எங்கள் கட்சிக்கு அப்படி ஒருத்தி வாய்த்தாள். வயது இருபத்தொன்று, படிப்பு மூன்றாம் வகுப்பு, ஆள் ஒல்லி. (நான்தான். ஒல்லியை மட்டும் இப்போ யாரும் நம்ப மாட்டேங்குறாங்க.)

ராஜா ஆட்சி போய், சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து, முதல் தடவையாக எல்லோருக்கும் ஓட்டு என்று வந்த காலம். ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே என் மாமனார்தான் கட்சித் தலைவர். நிலம், கோயில் மரியாதை, யார் எங்கே நிற்பது, யார் எங்கே உட்காருவது எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது கட்சியின் கொள்கை. சின்னம், தேர்.

அப்போதெல்லாம் சீட்டில் முத்திரை குத்துகிற வேலை கிடையாது. திரைக்குப் பின்னால் சின்னத்துக்கு ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். பிடித்த சின்னத்தின் பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும்.

"நம்ம தெருப் பொம்பளைங்க ஓட்டுக்கு நீதாம்மா பொறுப்பு," என்றார் மாமா. அதுவரை என்னிடம் அவர் பேசிய ஒரே வார்த்தை "தண்ணி". நான் மலைத்துப் போனேன்.

தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றேன். திரைக்குப் பின்னால் ஒரே இருட்டு, ஒரே அமைதி, கர்ப்பக்கிரகம் மாதிரி. பெட்டியில் தேர்ப் படம். கை தானாகக் கும்பிட்டது. மேலே ஒரு கீறல் இருந்தது, பார்க்காமல் இல்லை. ஆனால் சாமிக்குக் கொடுப்பதை இரண்டு கையாலும் முன்னால் வைப்போமா, சந்துக்குள் திணிப்போமா? சீட்டைப் பெட்டிமேல் பதமாக வைத்தேன். தேர் என்றால் உள்ளே சாமி இருக்குமே என்று, தலையிலிருந்த பூவைக் கிள்ளி, குங்குமத்தில் தொட்டு, கீறல் வழியாக உள்ளே விட்டேன்.

வெளியே வந்து வரிசையிலிருந்த எல்லோரிடமும் அதையே சொன்னேன். "சீட்டை மேல வெச்சுக் கும்பிடுங்க. உள்ள பூ மட்டும் போடுங்க." ஒருத்திகூட மீறவில்லை.

கட்சி தோற்றது. எங்கள் ஊர்த் தேர்ப் பெட்டியைத் திறந்தால் சீட்டைவிடப் பூ அதிகம். பக்கத்துப் பெட்டியோ மூச்சு முட்ட நிறைந்திருந்தது.

இனிமேல் கட்சி எந்தப் பக்கம் போவது என்று பேச, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் பெரியவர்கள் கூடினார்கள். வாசலில் மூன்று கார். (ஊர்ச் சனம் காரைப் பாக்க வந்துச்சு, கட்சியை இல்ல.) நடுவில் திருச்சியிலிருந்து வந்த வக்கீல் ஐயா, தங்கப் பிரேம் கண்ணாடியோடு. கூடத்துக் கதவுக்குப் பின்னால் நானும் அத்தையும். உலகமே அந்தக் கூடத்தில்தான் தீர்மானமாகிறது என்று வாயைப் பிளந்து நின்றேன்.

"பெட்டிக்குள்ள பூவும் குங்குமமும் கெடந்துச்சே, அது செய்வினைங்க. மொதல்ல பரிகாரம், அப்பறம் கட்சி," என்றார் ஒரு மிராசுதார்.

"பரிகாரம் பண்ணிட்டா ஓட்டு வந்துருமா? காலம் மாறிப்போச்சு. குத்தகைக்காரன்கிட்ட நாமதான் எறங்கிப் போவணும்," என்றார் இன்னொருவர்.

"எதுக்கு எறங்கணும்? ஜெயிச்சவனோட சேந்துட்டாப் போச்சு," என்றது ஒரு மூலை.

நான் கிள்ளிப் போட்ட ரெண்டு இதழ் பூ அத்தனை பெரிய மனுஷர்களையும் மூன்று திசைக்கு இழுத்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அடுத்த பேச்சில் அது போய்விட்டது.

"செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்று வேறொரு மிராசுதார் மாமாவைப் பார்த்துத் திரும்பினார். "ஒங்க தெரு ஓட்டே அங்கிட்டுப் போயிருக்கு. நீங்க பேசி முடிச்சுட்டீங்கன்னு ஊரே சொல்லுது."

மாமா எழுந்தார். தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "துரோகின்னு பேர் வாங்கிட்டு இந்தப் பதவியில இருக்க மாட்டேங்க. நான் ஒதுங்கிக்கிறேன்."

"மாமா, அந்தப் பூ என்னோடதுங்க."

குரல் என்னுடையதுதான். அத்தை கிள்ளிய தழும்பு ஒரு வாரம் இருந்தது.

"யாரும்மா அது? வெளிய வந்து சொல்லுங்க," என்றார் வக்கீல் ஐயா.

முக்காட்டை இழுத்துக்கொண்டு வந்தேன். நடுவிலிருந்த வெற்றிலைப் பெட்டியைக் கும்பிட்டு, மேலே ஒரு வெற்றிலையை வைத்து, செய்ததை அப்படியே செய்து காட்டினேன்.

"அப்ப சீட்டெல்லாம்?"

"மேலதாங்க. அழகா அடுக்கி வெச்சிருந்தோம்."

"ஒங்களுக்குப் பின்னாடி வரிசையில யாரு?"

"பக்கத்து ஊர்க்காரவுங்க."

வக்கீல் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. "அடுக்கி வேற குடுத்திருக்கீங்க. அவுக எடுத்து அவுக கட்சிப் பெட்டியில போட்டுக்கிட்டாக." மாமாவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். "துண்டைப் போடுங்க. கொள்கையை அப்பறம் பாப்போம். சீட்டை எங்க போடணும்னு மொதல்ல சனத்துக்குச் சொல்லிக் குடுப்போம். இந்தம்மாவே போகட்டும்."

கட்சியின் புதிய பாதை அப்படித்தான் தீர்மானமானது. கீறல் போட்ட ஒரு பிஸ்கட் டின்னோடு, திருவரங்குளம் வரைக்கும் ஊர் ஊராகப் போனேன். "இது கோயில் இல்ல ஆத்தா, உள்ள தள்ளு" என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

நடவுக்கு வரும் கருப்பாயி ஒரு நாள் கேட்டாள். "பண்ணையார் சீட்டும் என் சீட்டும் ஒரே அளவுதானா?"

"ஒரே அளவுதான்."

"உள்ள விழுந்துட்டா எது யாருதுன்னு தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது."

அவள் டின்னை வாங்கி அந்தச் சந்துக்குள் ரொம்ப நேரம் பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. எனக்குத்தான் உடம்பு சிலிர்த்தது.

அடுத்த தேர்தலில் ஒரு சீட்டும் வீணாகவில்லை. எல்லாம் உள்ளேதான் விழுந்தது, எதிர்ப் பெட்டிக்குள். எண்ணிக்கை முடிந்து மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். கட்சி அத்தோடு கலைந்தது.

"ஒரு சீட்டுகூட வெளிய கெடக்கலம்மா," என்றார். "ஒன் வேலையில கொறையே சொல்ல முடியாது."

இன்றைக்கும் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் என் வீட்டுக்கு வருகிறார்கள். "அப்பத்தா, ஒங்க ஓட்டு எனக்கு வேணாம். எதிராளிக்காக நாலு தெரு போய்ப் பேசிட்டு வாங்க, போதும்." நானும் போய் வருவேன். போன தடவை ஜெயித்தவர் ஒரு தார் வாழைப்பழம் அனுப்பியிருந்தார்.